மூன்று நட்சத்திரப் பழங்கள்

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அடுத்த மூச்சில் "வேலை இருக்கு, வைக்கிறேன்" என்கிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா? அதனால்தான் எழுதுகிறேன். உன் டிப்போவுக்கு வரும் மலைப்பாதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். "டூட்டி போடுற அந்தம்மாவுக்கா? எனக்கு மூணு வாரமா காலை டூட்டியே போடலைங்க உங்க அக்கா" என்று புலம்பிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரு காலை டூட்டி போட்டுக் கொடு.

அப்பாவின் குரல் சரியில்லை. போன வாரம் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "சும்மா ஒரு சோர்வுடா" என்கிறார். முப்பது வருஷம் லிஃப்ட் கயிற்றோடு தொங்கி வேலை பார்த்த மனுஷர் சோர்வு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. டாக்டரிடம் காட்டினாயா?

இங்கே நட்சத்திரப் பழ சீசன் தொடங்கிவிட்டது. ஷெட்டில் நிற்க இடமில்லை. ஒரு நாளைக்கு நாலாயிரம் பழம் என் கை வழியாகப் போகிறது. ஐந்து விளிம்பும் கறுக்காமல் இருந்தால் முதல் தரம், ஒன்று கறுத்தால் இரண்டாம் தரம், மற்றது ஜூஸுக்கு. பண்ணை மேலாளர் ஒரு தாள் அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் போடச் சொல்லியிருக்கிறார். அதில் பதினோரு நன்மைகள். வைட்டமின் சி ஏராளம், சர்க்கரை குறைவு, நார்ச்சத்து உண்டு, மலச்சிக்கல் போகும், ரத்தக்கொதிப்பு அடங்கும், சளி அண்டாது. அப்பாவின் சோர்வுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மே 13

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமில்லாமல் இருக்க எனக்கு நேரமில்லை. அப்பாவும் நலம். அறுபத்தெட்டு வயதில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். உனக்கும் ஒரு நாள் வாங்கும்.

உன் டிரைவர் கடிதத்தை நீட்டிவிட்டு அங்கேயே நின்றார், காலை டூட்டிக்கு. ஓலை கொண்டு வந்தவருக்குப் பரிசு கொடுக்க நான் என்ன ராணியா? அவருக்குச் சாயங்கால டூட்டிதான்.

பழம் எதுவும் அனுப்பாதே. எங்கள் கட்டடத்து லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் ஏழு மாதமாக நிற்கிறது. அப்பா அதன் கதவைத் தட்டிப் பார்த்து, "அரை மணி நேர வேலை, நானே பார்த்துடுறேன்" என்று தினமும் சொல்கிறார். தொடக் கூடாது என்று தினமும் சொல்கிறேன். இதில் மூன்று மாடி உன் பெட்டியை யார் தூக்குவது? கீழே காவலாளிக்கு முதுகுவலி. எதிர்வீட்டு டீச்சர் தன் கைப்பையையே இரண்டு தவணையாகத் தூக்குகிறார். இங்கேயும் பழக்கடை இருக்கிறது. வேண்டியதை வாங்கிக்கொள்கிறோம்.

அனுப்பாதே என்றால் அனுப்பாதே. ஏன் எதற்கு என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மே 21

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகும் நலமாகத்தான் இருக்கிறேன், தோல் தடித்துப் போய்விட்டது.

நான் யார் உங்களுக்கு? பக்கத்து ஊர்க்காரனா? பெற்ற அப்பாவுக்கு ஒரு பெட்டிப் பழம் அனுப்ப உன்னிடம் மனு போட வேண்டுமா? அம்மா போன பிறகு அப்பாவைச் சுற்றி நீ ஒரு சுவர் எழுப்பிவிட்டாய். அதில் ஒரு ஜன்னலாவது வைத்திருக்கலாம். போனை எடுத்தால் நீ. கொடு என்றால் "தூங்குறார்". ஒரு வருஷத்துக்கு மேலாக, வரவா என்றால் "இப்ப வேணாம், வந்து விசிறி வீசப் போறியா" என்று நக்கல்.

நேற்று நீ டிப்போவில் இருந்த நேரம் பார்த்து அப்பாவிடம் பேசினேன். பழத்தைப் பற்றிச் சொன்னேன். "புளிப்பா இருக்குமாடா?" என்று கேட்டார். புளிப்பும் இனிப்பும் பாதிப் பாதி என்றேன். "அனுப்பு. உங்க அக்காகிட்ட சொல்லாதே" என்றார். கேட்டுக்கொள். உன் பயத்தில் ஒரு பழம் தின்னக்கூட அவர் ரகசியம் பேச வேண்டியிருக்கிறது.

முதல் தரமாக இருபத்துநாலு பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் வலையுறை போட்டுக் கட்டிவிட்டேன். எங்கள் மீசைக்கார லாரி டிரைவர் இருபத்தேழாம் தேதி உங்கள் பக்கம் வருகிறார். மூன்று மாடியும் அவரே தூக்குவார். முதுகுவலி இல்லாதவர். உன் கட்டடத்தில் யாரையும் நான் தொந்தரவு செய்யவில்லை.

தம்பி


மே 29

அக்காவுக்கு,

நலமா? பெட்டி வந்து சேர்ந்ததா? அப்பாவே கதவைத் திறந்து வாங்கினார் என்று மீசை சொன்னார்.

நேற்று மதியம் அப்பா கூப்பிட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு அவராகக் கூப்பிடுகிறார் தெரியுமா? "மூணு சாப்பிட்டேன்டா. வாய்க்கு உசுரு வந்துச்சு" என்றார். பேச்சுக்கு நடுவே விக்கல். ஒரு வாக்கியம், ஒரு விக்கல். "யாரோ நினைக்கிறாங்கப்பா" என்றேன். "நீதான்டா, வேற யாரு" என்றார். இருவரும் சிரித்தோம். விக்கல் நிற்கவில்லை. தண்ணீர் குடியுங்கள் என்றேன். "தண்ணி அளவாத்தான் தருவா" என்றார். தண்ணீரைக்கூடவா அளந்து கொடுக்கிறாய்? உன் டிப்போ டீசலா அது?

இன்று காலையிலிருந்து நான் போன் செய்கிறேன். யாரும் எடுக்கவில்லை. திட்டுவதற்காகவாவது எடு.

தம்பி


மே 31

தம்பிக்கு,

நலம் கேட்டு எழுத இன்று கை வரவில்லை.

நேற்று பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறாய். எடுத்தால் ஐ.சி.யூ. வாசல் என்று பாராமல் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மதிய பஸ்ஸில் வருகிறது, இன்றே கிடைத்துவிடும்.

அப்பாவின் இரண்டு கிட்னியும் போய்விட்டன. இன்று நேற்றல்ல. பதினாலு மாதமாக வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் மெஷினில்தான் அவர் ரத்தம் சுத்தமாகிறது. தண்ணீரை ஏன் அளக்கிறேன் என்று கேட்டாய். சிறுநீர் போகாத மனுஷருக்குத் தண்ணீரை அளக்காமல் என்ன செய்வது?

வியாழன் மதியம் வேலையிலிருந்து வந்தபோது விக்கிக்கொண்டிருந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். "ஒண்ணுமில்லை" என்றார். சாயங்காலம் வாந்தி. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க எந்த மாடிக்குப் போகணும்?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டார். செருப்பைத் தேடக் கட்டிலுக்கடியில் குனிந்தபோதுதான் பெட்டியைப் பார்த்தேன். உன் வலையுறை போட்ட பழங்கள். இருபத்தொன்று.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் சொன்னார்: "நல்ல கிட்னி இருக்கிறவங்களுக்கு இந்தப் பழம் நல்லதுதாம்மா. அதுல இருக்கிற விஷத்தைக் கிட்னி வெளியே தள்ளிடும். இவருக்கு எங்கே போகும்? நேரா மூளைக்குத்தான். விக்கல்தான் முதல் அடையாளம்."

நீ சிரித்தாய். யாரோ நினைக்கிறார்கள் என்றாய்.

அனுப்பாதே என்று எழுதினேன். இரண்டு முறை எழுதினேன். நீ பெட்டி அனுப்புவதாகச் சொன்ன கடிதத்தை உன் டிரைவர் லீவு முடிந்து நேற்றுத்தான் கொண்டு வந்து கொடுத்தார். உனக்குக் கண் இருக்கிறதா, இல்லை அதையும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாயா? உன் பதினோரு நன்மையையும் கொண்டு வந்து இந்த வாசலில் ஒட்டு. நினைவில்லாமல் கிடக்கிறவர் எழுந்ததும் படித்துக்கொள்வார்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

அப்பா வார்டுக்கு மாறிவிட்டார், பேசுகிறார் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். நீ சொல்லவில்லை. நீ எதைத்தான் சொன்னாய்?

உன் கடிதம் கிடைத்த அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்தேன். ஐ.சி.யூ. வாசலில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வந்துட்டியா? இப்ப யாரைக் கொல்லப் பழம் கொண்டு வந்திருக்கே?" என்றாய். "அக்கா, எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "தெரியாதுன்னா ஆச்சா? போ. நீ இங்கே நின்னா எனக்கு அப்பா முகம் தெரியலை, உன் முகம்தான் தெரியுது" என்றாய். நாலு நாள் கீழே மருந்துக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கண் திறந்த அன்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். தெரியாமல் செய்தாலும் செய்தது நான் என்று அந்த நாலு நாளும் என்னையே திட்டிக்கொண்டேன்.

கிளம்பும் முன் டீச்சரிடம் சாவி வாங்கி வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு இரண்டு சட்டை எடுத்துத் தரச் சொன்னார்கள். சமையலறையில் தண்ணீர் குடிக்க டம்ளர் தேடி அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் ஒரு தாள். உன் கையெழுத்து. மேலே "அப்பாவுக்கு ஆகாதவை". வாழைப்பழம், இளநீர், உலர்ந்த பழங்கள், தக்காளி, ஊறுகாய். ஆறாவது வரி: "நட்சத்திரப் பழம். ஒரு துண்டுகூடக் கூடாது. உயிருக்கு ஆபத்து." சிவப்பு மையில் இரண்டு கோடு.

அந்த வரியை மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

உனக்குத் தெரியும். மே நாலாம் தேதி நான் பழத்தின் பெயரைப் போட்டு எழுதினேன். அதைப் படித்துவிட்டு லிஃப்டைப் பற்றி எழுதினாய். காவலாளியின் முதுகுவலியைப் பற்றி எழுதினாய். டீச்சரின் கைப்பையைப் பற்றி எழுதினாய். "அப்பாவுக்கு அது விஷம்" என்று ஒரு வரி எழுத உன் பேனாவில் மை இல்லையா? அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் பெட்டியைக் கொண்டு போய்க் கிணற்றில் கொட்டியிருப்பேனே!

பழத்தை அனுப்பியவன் நான். மறுக்கவில்லை. ஆனால் கொலைகாரன் என்று ஊர் கூட்டிச் சொன்னாயே, அப்போது உனக்கு அந்தத் தாள் ஞாபகம் வரவில்லையா?

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. கேட்காததற்கு நன்றி.

அப்பா திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். சில வார்த்தைகள் காணாமல் போய்விட்டன. சாவியை "ஸ்பேனர்" என்கிறார், டம்ளரையும் "ஸ்பேனர்" என்கிறார். வலது கை நடுங்குகிறது. இருதயம் பலவீனமாகிவிட்டதாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். அப்பா சத்தியம் வாங்கினார். "அவன்கிட்ட சொல்லாதே. சொன்னா நாளைக்கே வந்து என் கிட்னியை எடுத்துக்கோங்கன்னு படுத்துடுவான். கொடுத்துட்டு ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்ட மாட்டான். அதை என்னால தாங்க முடியாது" என்றார். அப்படி ஒரு நல்ல பிள்ளையாம் நீ.

நல்ல பிள்ளையாக இருப்பது தூரத்தில் சுலபம். முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை பையோடு வந்தாய், இரண்டு நாள் சிரிக்க வைத்தாய், போனாய். மெஷின் நாளில் இங்கே எப்படி விடிகிறது தெரியுமா? காலை ஆறு மணிக்கு அவரை மூன்று மாடி இறக்க வேண்டும். நாலு மணி நேரம் மெஷின். பென்சில் முனை தடிமனில் இரண்டு ஊசி. திரும்பும்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூச்சு வந்த பிறகு அடுத்த பன்னிரண்டு படி. அதன் பிறகு டிப்போவுக்கு ஓடி, நாற்பது டிரைவர்களிடம் ஏச்சு வாங்க வேண்டும். பதினாலு மாதத்தில் ஒரு நாள் நான் காய்ச்சல் என்று படுத்ததில்லை. நீ அங்கே பழத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாய்.

அந்த ஒரு வரியை ஏன் எழுதவில்லை என்று மறுபடி மறுபடி கேட்காதே. நேரமில்லை. தோன்றவில்லை. அவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை உண்மையாகவே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் கோபத்தில் இருந்தேன். உறை போட்டுக்கொண்டிருந்தாய் என்றாயே, அதற்கு மட்டும் ஒரு நாள். அப்புறம் நீ டிப்போவில் இருக்கும் நேரம் அப்பாவைக் கூப்பிட்டேன். வார்த்தை தேடித் தேடி நிறையப் பேசினார். "உங்க அக்காவைத் திட்டாதேடா. அவளே கொடுக்கிறேன்னு முதல்ல போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்தா. பொருந்தலைன்னுட்டாங்க. அன்னிக்கு அவ அழுத அழுகை உனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியாதுதான். நீ இதைக்கூடச் சொல்லவில்லை. தன் உடம்பையே கொடுக்க ஓடியவளிடம் போய் மை இல்லையா, பேனா இல்லையா என்று கேட்டிருக்கிறேன். என் நாக்கைத்தான் கறுத்துப் போன மூன்றாம் தரத்தோடு சேர்த்துத் தள்ள வேண்டும். மன்னித்துவிடு. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் பதினாலு நாள்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

இனி நீ தனியாக இல்லை. நான் கொடுக்கிறேன். உனக்குப் பொருந்தாதது எனக்குப் பொருந்தலாம். ஆஸ்பத்திரியில் தானம் கொடுப்பவர்களைப் பார்க்கும் நர்ஸிடம் பேசிவிட்டேன். இருபத்துநாலாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். "உங்க அக்காவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

சாப்பிட்டுத் தூங்கு.

உன் தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

இருபத்துநாலாம் தேதி வராதே. பயணம் வீண். நேற்று டாக்டரிடம் கேட்டேன். இந்த வலிப்புக்குப் பிறகு அப்பாவின் இருதயம் அந்த ஆபரேஷனைத் தாங்காது என்றார். யார் கொடுத்தாலும் இனி வைக்க முடியாது. போன வருஷம் என்றால் வைத்திருக்கலாம் என்றார்.

இதோடு நிறுத்திவிட்டால் உனக்கு எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாய். அந்தக் கடிதத்தை டிப்போ மேஜையில் வைத்துவிட்டு ஒன்பது நாளாக அதைச் சுற்றி நடக்கிறேன்.

எனக்குப் பொருந்தியது.

ரத்தம், மற்ற டெஸ்ட் எல்லாம். "இவ்வளவு நல்லாப் பொருந்துறது அதிர்ஷ்டம்தான்" என்று அந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை வாங்கினேன். கை வரவில்லை. என்னை அறுப்பார்கள், கண் திறக்காமல் போய்விடுவேன் என்று பயந்துவிட்டேன். "என்னால முடியாதுங்க" என்றேன். "பரவாயில்லைம்மா. பொருந்தலைன்னு அப்பாகிட்ட சொல்லிடுறோம். காரணம் யாருக்கும் தெரியாது" என்றார். அப்பாவிடம் நானே சொன்னேன், பொருந்தலைப்பா என்று. அழுதேன் என்றாரே, அது அதற்காக அழுதது.

இப்போது கேள், அந்த ஒரு வரியை ஏன் எழுதவில்லை என்று. நாலு முறை உட்கார்ந்தேன். அப்பாவுக்கு அது விஷம் என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய். கிட்னி என்றால் ஓடி வருவாய். வந்தால் அந்த நர்ஸ் முன்னால் போய் நிற்பாய். அவர் என் முகத்தையும் உன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அதற்குப் பயந்து லிஃப்டைப் பற்றி எழுதினேன். அப்பா சத்தியம் வாங்கியது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஐ.சி.யூ. வாசலில் உன்னைக் கொலைகாரன் என்றேனே, அப்போதும் அந்தத் தாள் ஞாபகத்தில்தான் இருந்தது. நீ அதைச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 25

மகனுக்கு அப்பா எழுதுவது.

நலம். கை நடுங்குகிறது, எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பொறுத்துப் படி. ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடித்துத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா ஒரு மாதமாகக் காலையும் மாலையும் பஸ் ஸ்டாண்டில் அந்த மலைப்பாதை பஸ் வரும் வரை நிற்கிறாள் என்று டீச்சர் சொன்னார். அந்த டிரைவருக்கு வாரம் முழுக்கக் காலை டூட்டியாம். என்ன என்று கேட்டேன். டிப்போ வேலை என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் அவள் மேஜை டிராயரில் உன் கடிதங்களும் அவள் உனக்கு முதலில் எழுதிப் பார்த்த தாள்களும் இருந்தன. படித்தேன். படித்தது தப்புதான். என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள், நான் படித்தால் என்ன?

ரொம்பக் கோபம் எனக்கு. உன் மேலும் அவள் மேலும். ஒருத்தர் கொன்றேன் என்கிறீர்கள், ஒருத்தர் நீதான் கொன்றாய் என்கிறீர்கள். செத்தவன் யாரடா? உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன். கிட்னி என்னுடையது. கெட்டுப் போனாலும் என்னுடையது. அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்காதீர்கள்.

அலமாரிக் கதவில் இருந்த தாள் எனக்கு மனப்பாடம். ஆறாவது வரி என்ன என்று தெரிந்துதான் தின்றேன். சாக நினைத்தீர்களா என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இல்லை. தின்ன நினைத்தேன், தின்றேன். பதினாலு மாதமாக உப்பில்லை, புளிப்பில்லை. அறுத்ததும் சாறு மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. ஒரு துண்டு என்று நினைத்தேன், மூன்று பழமாகிவிட்டது. விக்கல் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பயத்தில் உன்னைக் கூப்பிட்டேன். சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவிட்டு வைத்தேன். உன் அக்கா கேட்டபோதும் ஒன்றுமில்லை என்றேன். அப்போதே சொல்லியிருந்தால் வலிப்புக்கு முன்னால் மெஷினில் போட்டிருப்பார்கள். இதில் உங்கள் பங்கைவிட என் பங்கு பெரியது.

இன்னொன்று. அவளுக்குப் பொருந்தியது எனக்குத் தெரியும். போன வருஷமே தெரியும். அவளுடைய ரிப்போர்ட்டை ஒருநாள் என் ஃபைலில் மாற்றி வைத்துவிட்டார்கள். மெஷினில் கிடந்த நாலு மணி நேரமும் படித்தேன். என்னடா இவள் என்று முதலில் கோபம் வந்தது. நான் மட்டும் என்ன, என் அப்பாவுக்குக் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அவள் பயந்தாள். பயந்துகொண்டே என்னை வாரத்துக்கு இரண்டு நாள் மூன்று மாடி இறக்கி ஏற்றினாள். எது சுலபம் என்று நீ சொல்.

எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லாதே. தாங்க மாட்டாள்.

பதில் எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கு.

அப்பா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நீ நலமில்லை என்று தெரியும். நானும் இல்லை.

ஆறு வாரமாக எழுதாததற்குக் காரணம் கோபம்தான். எழுத உட்கார்ந்தால் திட்டு வந்தது, கிழித்தேன். திட்டாமல் எழுதினால் பொய்யாக இருந்தது, அதையும் கிழித்தேன். மன்னித்தேன் என்று இன்றும் எழுத வரவில்லை. நீ பயந்ததற்காக அல்ல. பயமாக இருக்கிறது என்று ஒரு போன் செய்திருந்தால் உன்னைக் கண்டபடி திட்டியிருப்பேன், திட்டிக்கொண்டே அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். போன வருஷமே வந்திருப்பேன். அந்த மாதங்களை நினைத்தால் கோபம் திரும்ப வருகிறது. அது ஆறுமா என்று தெரியாது.

இங்கே ஒன்று நடந்தது. மேலாளரிடம் போய், அந்தப் பதினோரு நன்மைக்குக் கீழே "கிட்னி நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது" என்று ஒரு வரி போடுங்கள் என்றேன். "விக்கிற பொருள்ல விஷம்னு நாமளே எழுதுவோமா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார். மறுநாள் மார்க்கர் பேனா வாங்கி, லாரியில் ஏறக் காத்திருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் அந்த வரியை எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி. விரல் மரத்துப் போகிற வரை எழுதினேன். முடிப்பதற்குள் பார்த்துவிட்டார்கள். மேலாளர் கத்தினார். நானும் விடவில்லை, உன் மேல் இருந்ததையும் சேர்த்து அவர் மேல் கொட்டினேன். வேலை போய்விட்டது. மீசை மட்டும் பெட்டிகளைத் துடைக்காமல் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த வரியை முதல் பெட்டியில் எழுதும்போது எனக்கும் கை நின்றது, அக்கா. மேலாளர் வந்துவிடுவாரோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அப்போது உன்னை நினைத்தேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அப்பா எனக்கு எழுதியிருக்கிறார். கடைசியில் ஒன்றைச் சொல்லி, உன்னிடம் சொல்லாதே என்று போட்டிருக்கிறார். அப்பா உன்னிடம் தம்பிக்குச் சொல்லாதே என்றார், நீ என்னிடம் சொல்லவில்லை. அப்பா என்னிடம் அக்காவிடம் சொல்லாதே என்றார், நான் பெட்டியை அனுப்பினேன். இந்த வார்த்தையால்தான் நம் மூன்று பேருக்கும் இந்தக் கதி. அதனால் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பொருந்தியது, நீ பயந்தது எல்லாம் அப்பாவுக்குப் போன வருஷமே தெரியும். தெரிந்துகொண்டேதான் உன் தோளைப் பிடித்து அந்தப் படியெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார்.

இதைப் படித்ததும் அப்பாவிடம் போ. நான் வரும் வரை காத்திருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்தத் தடவை இரண்டு நாளுக்கு அல்ல. பழ மண்டியில் மதிய வேலை கேட்டிருக்கிறேன், காலையெல்லாம் வீட்டில் இருப்பேன். உன்னைப் பார்த்ததும் முதலில் கத்துவேன். டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வை, பயந்துவிடப் போகிறார்.

கோபம் குறையாத
உன் தம்பி